முள்ளு போட்ட கைப்பிடி

சில்வியாக்காவின் கை போனதற்குச் சக்கரைதான் காரணம் என்று ராயபுரத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். சர்ச்சில் சொல்கிறார்கள், காசிமேட்டில் சொல்கிறார்கள், ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பொம்பளைகூடச் சொல்கிறாள். வாயைக் கட்டவில்லையாம், மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லையாம். கேட்கிறபோது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சக்கரை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சக்கரை இருக்கிற எத்தனை பேர் இரண்டு கையோடு நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்! நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், சொல்கிறேன்.

என் பெயர் கார்குழலி. வீடு புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில். வேலை திருவொற்றியூரில், ரகுபதி முதலாளியின் லேத் பட்டறையில். சில்வியாக்காவின் வீட்டுக்காரர் கஸ்பார் அண்ணன் அங்கே டர்னர். நான் செக்கிங். அதாவது டர்னர்கள் கடைந்து அனுப்புகிற ஒவ்வொரு உருப்படியையும் எடுத்து, பார்த்து, தடவி, சரியில்லை என்றால் திருப்பி அனுப்புகிறவள். அதனால் பட்டறையில் எனக்கு யாரும் நல்ல பேர் வைக்கவில்லை. கஸ்பார் அண்ணன் மட்டும்தான் "மே குழலி" என்று வாய் நிறையக் கூப்பிடுவார்.

எங்கள் பட்டறையில் செய்கிறதெல்லாம் கையால் பிடித்துத் திருகுகிற சாமான். வால்வு திருகி, படகு இன்ஜின் மூடி, கருவிகளின் கைப்பிடி. இரும்பு வழவழவென்று இருந்தால் எண்ணெய்க் கையில் நிற்காது. அதனால் மேலே சொரசொரப்பாகக் கட்டம் போட வேண்டும். உருப்படி லேத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, பல் வைத்த இரண்டு குட்டிச் சக்கரங்களை அதன்மேல் அழுத்திக்கொண்டே நகர்த்துவார்கள். ஒரு சக்கரம் இந்தப் பக்கம் சாய்ந்த கோடு போடும், இன்னொன்று அந்தப் பக்கம். இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டு டைமண்ட் டைமண்டாக எழும்பும். அதற்கு நர்லிங் என்று பேர். டிராயிங்கில் அப்படித்தான் எழுதியிருக்கும். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். முள்ளு என்போம். "இன்னாபா, முள்ளு போட்டாச்சா?", "முள்ளு ரெட்டையா வுழுந்துட்ச்சி, தூக்கிப் போடு" என்றுதான் நாள் முழுக்கக் காதில் விழும்.

முள்ளு போட்டதும் வேலை முடிந்துவிடாது. புதிதாக எழும்பிய ஒவ்வொரு கட்டத்தின் உச்சியும் கூராக நிற்கும். அரத்தை லேசாக ஓட்டி, அப்புறம் எமரி காகிதத்தைப் பிடித்து, அந்தக் கூரை மழுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் என் மேஜைக்கு வரும். நான் என் மோதிர விரலால் தடவிப் பார்ப்பேன். அந்த விரல் மற்ற விரல்களைப் போல வேலை செய்வதில்லை, தோல் மெல்லிசாக இருக்கும். அதற்குக் குத்தினால் உருப்படி திரும்பிப் போகும். உடனே டர்னர் சண்டைக்கு வருவான். தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் காட்டி, "நல்லாத்தானே கீது?" என்பான். வருஷக்கணக்காகச் சூடான இரும்புச் சுருள் விழுந்து காய்த்துப் போன கை அது. "உன் கை கையா? செருப்புத் தோலு. போய் எமரி போடு" என்று நான் துரத்துவேன். கஸ்பார் அண்ணன் கையும் அப்படித்தான். ஆனால் அவர் என்னிடம் சண்டைக்கு வந்ததே இல்லை. அவர் உருப்படி திரும்பிப் போனதும் இல்லை.

அண்ணனின் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கினவர். மகனை ஐ.டி.ஐ. படிக்க வைத்து லேத்தில் நிறுத்தினார். வேலை கிடைத்த புதிதில் அண்ணன் தினமும் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவாராம். வீட்டில் இவர் அம்மா, "இன்னாத்துக்குடா தெனம் மீனு? நாறுது வூடு" என்று கத்துவாராம். மீன் வாங்கவா போனார்? மீன் வெட்டுகிற வரிசையில் சில்வியா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே, "யோவ், தெனம் அரைக் கிலோ வாங்கினு வந்து நிக்கிறியே, சேத்து வாங்கத் தெரியாதா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். அந்த வருஷமே சர்ச்சில் சாமியார் மந்திரித்து, இரண்டு பேருக்கும் கல்யாண மோதிரம் போட்டாகிவிட்டது. பிள்ளை பிறக்கவில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்துகூடப் போய்ப் பார்த்தார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். "எனுக்கு இந்தாளும் என் கட்டையும் போதும்" என்பாள் அக்கா.

கட்டை என்றால் மீன் வெட்டுகிற மரக்கட்டை. புளிய மரத்தில் அறுத்தது. அந்த வரிசையில் கட்டை போட இடம் கிடைப்பது லேசில்லை. அக்கா கல்யாணத்துக்கு முன்னாலேயே நாலு பேரோடு சண்டை போட்டு வாங்கிய இடம். தொடர்ந்து கட்டை காலியாகக் கிடந்தால் வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்துவிடுவாள், யாரும் கேட்க முடியாது, அதுதான் அங்கே வழக்கம். அதனால் அக்கா காய்ச்சல் என்று ஒரு நாள் வீட்டில் படுத்தது கிடையாது. வஞ்சிரம் துண்டு போட்டாள் என்றால் எல்லாத் துண்டும் ஒரே தடிமன். நான் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனால் தூரத்திலேயே குரல் கொடுப்பாள். "செக்கிங் அம்மா வந்துட்டாங்கடி! எல்லாரும் மீன ஒழுங்கா வெட்டுங்க, வெரல வுட்டுத் தடவிப் பாப்பாங்க!" வரிசையே சிரிக்கும். நானும் சும்மா இருக்க மாட்டேன், ஒரு துண்டை எடுத்து மோதிர விரலால் தடவி, "பாஸ்" என்பேன்.

சக்கரை வந்து சில வருஷம் கழித்துக் கால் மரத்துப் போக ஆரம்பித்தது. ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கிறாள், காலில் ஒரு செருப்புதான் இருக்கிறது. இன்னொன்று எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. அதைத் தெருவுக்கே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் அது விரலுக்கு வந்தது. அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஈரக் கையில் கத்தியின் மரப்பிடி நிற்கவில்லை. வஞ்சிரம் ஒன்று தடியாகவும் ஒன்று மெலிசாகவும் விழுந்தது. வருஷக்கணக்காக அவளிடமே வெட்டுகிற ஒரு டீச்சரம்மா, "இன்னா சில்வியா இது?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரம் இரண்டு கட்டை தள்ளிப் போய் நின்றார். அன்றைக்கு அக்கா வீட்டில் சோறு தின்னவில்லையாம்.

"யோவ், கத்தி கைல நிக்க மாட்டேங்குதுயா" என்று அண்ணனிடம் சொன்னாள்.

வேறு யாராக இருந்தாலும் கையைப் பார்த்திருப்பார்கள். கஸ்பார் அண்ணன் கைப்பிடியைப் பார்த்தார். கையில் நிற்காத சாமானுக்கு முள்ளு போட்டு நிற்க வைப்பதுதானே அவருக்கு வாழ்நாள் முழுக்க வேலை! மறுநாளே முதலாளியிடம் கேட்டு ஒரு துண்டு ஸ்டெயின்லெஸ் ராடை எடுத்தார். ரகுபதி முதலாளி நல்ல மனுஷன், "வூட்டு ஜாபா? பண்ணிக்கோ" என்றார். சாப்பாட்டு வேளையில் கடைந்து, துளை போட்டு, மேலே நடுத்தரமான முள்ளு போட்டு, அரம் ஓட்டி, எமரி போட்டு, என் மேஜைக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

"குழலி, இத்த கொஞ்சம் பாரு."

தடவினேன். பட்டு மாதிரி இருந்தது, பிடிப்பும் இருந்தது. "பாஸ் ண்ணா" என்றேன். மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாப்பாட்டுப் பையில் துணி சுற்றி வைத்துக்கொண்டார்.

அந்தக் கத்தியை அக்கா மார்க்கெட் முழுக்கக் காட்டினாள். "என் வூட்டுக்காரன் போட்டது. சோக்கா கீதா?" பக்கத்துக் கட்டை சொக்கம்மாள், "இன்னாமே, கத்திக்கு நகை போட்டுகினு வந்துகீறே?" என்று கேலி செய்தாள். வஞ்சிரம் மறுபடியும் ஒரே தடிமனாக விழுந்தது. டீச்சரம்மா திரும்பி வந்தார்.

சில மாதம் கழித்து அதுவும் வழுக்கியது. அண்ணன் இன்னும் கொஞ்சம் பெரிய முள்ளாக இரண்டாவது கைப்பிடி போட்டார். அதையும் நான் தடவிப் பார்த்தேன். அதுவும் சரியாகத்தான் இருந்தது. அந்த வருஷம் மழைக்காலம் வந்தபோது அக்காவுக்கு விரல் நுனியில் சுத்தமாக ஒன்றும் இல்லை. "கத்தி கைல கீதா இல்லையான்னே தெர்லயா. கண்ணால பாத்தாத்தான் தெரியுது. கத்தியப் பாத்துகினு இருந்தா மீன எப்டிப் பாக்கறது?" என்று அழுதிருக்கிறாள். அக்கா அழுது அண்ணன் பார்த்ததில்லை. பிள்ளை இல்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்குக்கூட அவள் அழவில்லை. அண்ணனுக்குத் தாங்கவில்லை.

"அழாத சில்வி. இந்தத் தபா உனுக்குத் தெரியற மாதிரி போட்டுத் தரேன்" என்றிருக்கிறார்.

மூன்றாவது கைப்பிடிக்குப் பட்டறையில் இருக்கிறதிலேயே பெரிய பல் வைத்த சக்கரத்தை மாட்டினார். ஆழமாக அழுத்தினார். ஸ்டெயின்லெஸில் ஆழமாகப் போட்டால் உச்சி ரம்பம் மாதிரி நிற்கும். அதன்மேல் அரம் ஓட்டவில்லை. எமரியும் போடவில்லை. மழுக்கினால் அவளுக்குத் தெரியாமல் போய்விடுமே என்று நினைத்தார். தன் உள்ளங்கையில் வைத்து அழுத்தித் திருகிப் பார்த்தார். நன்றாக இருந்தது. அவருக்கு எப்படிக் குத்தும்? துணியில் சுற்றிப் பையில் வைக்கிறதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்து, "இன்னா ண்ணா, இதுக்கு செக்கிங் கெடையாதா?" என்று கத்தினேன். "வூட்டு ஜாப் தானே மே!" என்று சிரித்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மழை தூறிக்கொண்டிருந்தது.

முதல் நாள் கத்தியைப் பிடித்ததும் அக்கா, "தெரியுதுயா! எனுக்குத் தெரியுது!" என்று கத்தினாளாம். அதை அண்ணன் மறுநாள் பட்டறையில் எல்லோரிடமும் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். பாவி மனுஷன், அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. அக்காவுக்குத் தெரிந்தது தோலில் இல்லை, உள்ளே எங்கோ எலும்பு வரைக்கும் போன அழுத்தம். அது தெரிய வேண்டும் என்பதற்காகவே அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நாள் முழுக்க மீன் தண்ணீரிலும் ஐஸ் தண்ணீரிலும் அந்தக் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒரு ஞாயிறு நான் காசிமேட்டுக்குப் போனபோது அக்கா குரல் கொடுக்கவில்லை. வலது கையில் பழைய புடவைத் துணியைச் சுற்றிக்கொண்டு நெத்திலியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "இன்னா அக்கா கைல?" என்று கேட்டேன். "சேத்துப்புண்ணு மே. ஈரத்துலயே கீறேன்ல" என்றாள். மீன் நாற்றத்துக்கு நடுவிலும் வேறு ஒரு நாற்றம் வந்தது. நான் விடுவேனா? அவளை எழுப்பி ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்த் துணியை அவிழ்த்தேன்.

நான் தினமும் பார்க்கிற கட்டம். வரிசை வரிசையாக டைமண்ட், உள்ளங்கை முழுக்க, சதையில். நடுவில் இரண்டு மூன்று வரிசை ஒன்றாகச் சேர்ந்து குழியாகி, ஓரம் கறுத்துச் சீழ் கட்டியிருந்தது. ஓடிப் போய்க் கட்டையிலிருந்து கத்தியை எடுத்து மோதிர விரலால் தடவினேன். பொசுக்கென்று ரத்தம் வந்தது.

"எமரியே போடலையே! இன்னா அக்கா இது, இத்தையா புட்ச்சிகினு வெட்டினே? வலிக்கலையா உனுக்கு?"

"வலிச்சா வுட்டுட்டு இருக்க மாட்டேனா?" என்றாள். "நைட்டு பாத்திரம் கழுவறப்போதான் பாத்தேன். தண்ணி செவப்பா ஓடுச்சி. அப்பதான் தெரிஞ்சிது."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அய்யோ, சொல்லிடாதடி!" என்று இடது கையால் என் வாயைப் பொத்தினாள். "அந்தாளு எனுக்கோசரம் ஆசையா போட்டுக் குடுத்தது. இது தெரிஞ்சா செத்துடுவான். அப்பறம் லேத்துலயே நிக்க மாட்டான். சேத்துப்புண்ணுன்னு சொல்லிகீறேன். நம்பிகினு கீறான். உன் புள்ள மேல சத்தியம் பண்ணு."

"சத்தியமும் வோணாம், ஒரு மண்ணும் வோணாம். எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"பண்டிகை கூட்டம்டி. கட்டைய வுட்டுட்டு எப்டி வர்றது?"

"கை பூட்ச்சின்னா கட்டைய வெச்சிகினு இன்னா பண்ணுவே?" என்று நான் போட்ட சத்தத்தில் ஐஸ் உடைக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் மறுநாள் காலையில் வருவதாக ஒத்துக்கொண்டாள். நானாக அண்ணனிடம் சொல்வதில்லை என்று நானும் ஒத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? அவள் கண்ணைப் பார்த்தால் அப்படி இருந்தது.

காலை வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே குளிர் காய்ச்சல் தூக்கிப் போட்டது. அண்ணன் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். காலையில் நான் வார்டுக்குள் நுழைகிறபோது ஒரு டாக்டரம்மா கையில் சுற்றிய துணியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கை முழங்கை வரைக்கும் வீங்கி, உள்ளங்கை கறுத்துப் போயிருந்தது. கட்டம் ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் தலைமாட்டில் நின்று ஈரத் துணியால் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நாள் என்னம்மா பண்ணீங்க? முதல்ல எப்படி ஆச்சு? எது குத்துச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அக்கா பொய் சொல்ல மாட்டாள். வாய்ச்சண்டை எவ்வளவு வேண்டுமானாலும் போடுவாள், பொய் மட்டும் வராது. ஒரு சின்னப் பொய் சொன்னாலும் சனிக்கிழமை போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டு வந்துதான் ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்குவாள். சேற்றுப்புண் என்று அண்ணனிடம் சொன்ன பொய்க்கே அவள் நன்மை வாங்காமல் இருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. காய்ச்சலில் உதடு காய்ந்து கிடந்தவள் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"முள்ளு குத்திட்ச்சி டாக்டர்" என்றாள்.

"மீன் முள்ளா? மீன் வெட்டுறீங்களா?"

"ஆமா, காசிமேட்டுல வெட்றேன்" என்று இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள்.

டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே நர்ஸிடம் ஏதோ சொன்னார். மீன் வெட்டுகிறவளுக்கு முள் குத்தினால் அது மீன் முள்தானே, அவர் மேல் என்ன தப்பு? நான் அண்ணன் முகத்தைத்தான் பார்த்தேன். துணியைத் தண்ணீரில் நனைத்தார், பிழிந்தார், மறுபடியும் நெற்றியில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா, தப்பித்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். நிற்கவில்லை. மேலே ஏறிக்கொண்டே போனது. பிறகு உயிருக்கு ஆபத்து என்று மணிக்கட்டுக்கு மேலே வரைக்கும் எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து அக்கா கையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "யோவ், நீ சாப்ட்டியா?" என்று அண்ணனைக் கேட்டாள். அவ்வளவுதான். அழவில்லை. வார்டில் மற்ற பொம்பளைகள்தான் அழுதார்கள். நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

கிறிஸ்மஸுக்கு வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. பொங்கலுக்கு அப்புறம் அண்ணன் பட்டறைக்குத் திரும்பி வந்தார். பேச்சு குறைந்துவிட்டது. ஆனால் ஒரு புதுப் பழக்கம். தன் உருப்படிகளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் எதிரிலேயே நிற்பார். நான் எல்லாவற்றையும் தடவி முடிக்கிற வரைக்கும் என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். "குத்துதா மே? நல்லா பாரு" என்பார்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"குழலி, அந்த மூணாவது கைப்பிடிய நீ பாத்தியா?"

"இல்லையே ண்ணா. நீதான் வூட்டு ஜாப்புன்னு எட்த்துகினு பூட்டியே" என்றேன். டிபன் பாக்ஸை மூடினேன்.

"நான் பாத்தேன்" என்றார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார், அந்த வெயிலில். பட்டனைக் கழற்றிக் கையை மடித்துக் காட்டினார். முன்கையின் உள்பக்கம், வெயில் படாத வெளுத்த தோலில், முழங்கை வரைக்கும் கீறல். சில கீறல் காய்ந்திருந்தது, சிலது புதுசு. "உள்ளங்கைல வெச்சி எத்தினி தபா தேய்ச்சாலும் தெர்ல மே. இங்க தேய்ச்சேன். தெரியுது."

"யாரு சொன்னா உனுக்கு?" என்றேன்.

"டாக்டரம்மா கேட்டப்போ அவ சொன்னாளே, முள்ளுன்னு. நம்ம வூட்டுல மீனுல கீறத முள்ளுன்னு அவ சொல்லவே மாட்டா மே. முள்ளுன்னா அது என் வேலைதான், மீனுல கீறது எலும்பு. கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து அப்டித்தான். 'யோவ், உன் முள்ளு வேற, என் முள்ளு வேற, கொழப்பாத'ன்னு அவதான் பிரிச்சி வெச்சா. அவ பாட்டுக்கு வாய் தவறிச் சொல்ட்டா." சட்டைக் கையை இறக்கிப் பட்டனைப் போட்டார். "அவகிட்ட சொல்லிடாத. எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறா. அதுக்கோசரம் தானே கையப் பொத்திப் பொத்தி வெச்சிகினு கெட்த்துகினா? அது ஒண்ணாவது அவளுக்கு மிஞ்சட்டும்."

பாருங்கள் என் நிலைமையை. அவள் ஒரு பக்கம் அவருக்குத் தெரியக்கூடாது என்கிறாள். இவர் ஒரு பக்கம் தனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியக்கூடாது என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் என்னைத்தான் நிறுத்தினார்கள். உலகத்தில் வாயை மூடத் தெரிந்த எவ்வளவோ பேர் இருக்க, என்னையா? ஆனாலும் மூடிக்கொண்டேன். சண்டை போட்டுக் கெட்டுப் போன புருஷன் பெண்டாட்டியை எங்கள் ஹவுசிங் போர்டில் மாடிக்கு மாடி பார்க்கலாம். இப்படிப் பிரியம் வைத்தே கெட்டவர்களை நான் பார்த்ததில்லை.

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமையானால் கறி தொடாமல் ராயபுரமே மீனுக்கு அலையும் காலம். ஒரு ஞாயிறு பூசை முடிகிற நேரம் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் சோறு பிசைந்து அக்காவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். "எடது கைல துன்னத் தெரியும்டி எனுக்கு. இந்தாளு வுட மாட்டேங்கறான், கொயந்த மாதிரி" என்று அக்கா சிரித்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. விஷயம் என்னவென்றால் முதல் நாள் சொக்கம்மாள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அக்காவின் கட்டைமேல் தன் கூடையை வைத்து இதுவரைக்கும் யாரையும் உட்கார விடாமல் பார்த்துக்கொண்டாளாம். ஆனால் ஈஸ்டருக்கு மேல் முடியாது, ஆள் கேட்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

"ஈஸ்டர் வரைக்கும் டயம் கீது" என்றாள் அக்கா. "சங்கரா, நெத்திலி, எறா... சின்ன மீனுதான். எடது கைல பழகிடுவேன். ரெண்டு நாளா வெங்காயம் அரிஞ்சி பாக்கறேன். கத்திதான் வழுக்குது." அண்ணன் பக்கம் திரும்பினாள். "யோவ், எடது கைக்கு ஒண்ணு போட்டுக் குடுயா. நல்லா புடிப்பா, முன்ன போட்டியே அது மாதிரி."

அதை ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்குப் புரிந்தது. கட்டை வேண்டும், அது நிஜம். கூடவே அவருக்கும் ஒரு மனநிறைவு கொடுக்கப் பார்த்தாள். நீ போட்டுக் கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை, பார், மறுபடியும் கேட்கிறேன் என்று சொல்லாமல் சொன்னாள்.

அண்ணன் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மீன் முள் குத்தித்தான் கை போனது என்று நம்புகிற புருஷன் உடனே சொல்லியிருப்பான். இந்த மனுஷன் அவள் கேட்ட எதற்கும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். வாயைத் திறந்தார். பிசைந்த சோறு விரலிடுக்கு வழியாகத் தட்டில் விழுந்தது.

"வோணாம் சில்வி" என்றார்.

"இன்னா வோணாம்? ஈஸ்டர் போச்சின்னா கட்டை பூடும்யா."

"போவட்டும்."

"இன்னாயா பேசறே? என் கட்டைய..."

"என்னால முடியாது சில்வி. உன் கைல இனிமே நான் இரும்பு குடுக்க மாட்டேன். அந்த ஒரு கையாவது இருக்கட்டும்."

அக்கா அவரையே பார்த்தாள். அப்புறம் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். நான் சொல்லவில்லை அக்கா, சத்தியமாகச் சொல்லவில்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது.

"எப்பலேர்ந்து தெரியும் உனுக்கு?" என்று அவரைக் கேட்டாள்.

"நீ டாக்டரம்மா கிட்ட சொன்னப்பவே."

கையை எடுத்தபோது அழாதவள் அப்போதுதான் அழுதாள். "இத்தினி நாளா தெரியுமா? தெரிஞ்சிகினா எனுக்கு ஊட்டிவுட்டுகினு இருந்தே? உனுக்குத் தெரியக்கூடாதுன்னு தானேயா நான் மூடி வெச்சேன்! அதுக்குத்தானே கைய வுட்டேன்! வீணா பூட்ச்சேயா... எல்லாம் வீணா பூட்ச்சே..."

எங்கள் முன்னால் அழுவது அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். முகத்தை மூடிக்கொள்ள இரண்டு கையையும் தூக்கினாள். இடது பக்கம் மூடியது, வலது பக்கம் மூடவில்லை. அண்ணன் சோற்றுக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் தன் கையால் மூடினார்.